கர்ணம் மல்லேஸ்வரி: ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்

ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமைக்குரியவர் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, சிட்னியில் நடைபெற்ற மகளிர் 69 கிலோ எடைப் பிரிவில் அவர் வெண்கலம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுவே.

சித்தூர் மாவட்டம் ஆந்திராவின் தெற்கு எல்லை என்றால், மல்லேஸ்வரி பிறந்த ஸ்ரீகாகுளம் அதன் வடக்கு எல்லை. ஆமதாலவலசா அருகேயுள்ள ஊசவானிபேட்டை கிராமத்தில் 1975-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி பிறந்தார். தந்தை ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர். பயிற்சியாளர் நீலம்செட்டி அப்பண்ணாவிடம் 12 வயதில் பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் பெங்களூரில் நடைபெற்ற தேசிய முகாமில், மாஸ்கோ ஒலிம்பிக் சாம்பியன் லியோனிட் தாரனென்கோவின் கவனத்தை ஈர்த்தார்.

1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் 54 கிலோ பிரிவில் உலக சாம்பியன் பட்டம் அவருக்கே. 1993, 1996 ஆண்டுகளில் வெண்கலம் வென்றார். அர்ஜுனா, கேல் ரத்னா, பத்மஸ்ரீ ஆகிய மூன்று விருதுகளும் சிட்னிக்கு முன்பே வந்து சேர்ந்தன. ஆனாலும் ஒலிம்பிக் மேடை அவருக்குத் திறக்கவில்லை. காரணம், மகளிர் பளுதூக்குதல் அதுவரை ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. மகளிருக்கான உலக சாம்பியன்ஷிப் 1987-இல் தொடங்கிய போதிலும், ஒலிம்பிக் சங்கம் அதனை ஏற்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. அவரது உச்சகட்ட ஆண்டுகள் அந்த இடைவெளியில் கழிந்தன.

சிட்னி சென்றபோது அவருக்கு வயது 25. எடைப் பிரிவோ 15 கிலோ உயர்ந்திருந்தது. மணிப்பூரின் மூத்த வீராங்கனை குஞ்சராணி தேவிக்கு அணியில் இடம் அளிக்கப்படாததால், மல்லேஸ்வரியின் தேர்வும் விமர்சனத்துக்கு உள்ளானது.

போட்டியில் ஸ்னாட்ச் முறையில் 110 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 130 கிலோ என மொத்தம் 240 கிலோ தூக்கினார். சீனாவின் லின் வெய்னிங், ஹங்கேரியின் எர்ஷெபெட் மார்குஸ் இருவரும் 242.5 கிலோவில் சமனிலை பெற்றனர். உடல் எடை குறைந்தவர் என்பதால் லின்னுக்குத் தங்கம் கிடைத்தது. அக்காலத்தில் எடை பொதுவாக இரண்டரை கிலோ அளவில்தான் உயர்த்தப்படும். எனவே தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்தது ஒரேயொரு படி.

கடைசி முயற்சிக்கு மல்லேஸ்வரி கேட்டது 137.5 கிலோ. தூக்கியிருந்தால் 247.5 கிலோவுடன் தங்கம் உறுதி, அம்முயற்சி தோல்வியடைந்தது. 132.5 கிலோ கேட்டிருந்தால் மூவரும் சமனிலையில் நின்றிருப்பர், உடல் எடை தீர்ப்புச் சொல்லியிருக்கும். இந்த முடிவு சரியா என்ற விவாதம் பின்னர் பலமுறை எழுந்தது. எடைத் தராசை நம்பாமல் தங்கத்தை நேரடியாகக் குறிவைத்த முடிவு அது என்பதையும் மறுக்க இயலாது.

இன்று எடை ஒவ்வொரு கிலோவாக உயர்த்தப்படுகிறது. டோக்கியோவில் 2021 ஜூலை 26-ஆம் தேதி பிலிப்பைன்ஸின் ஹிடிலின் டயஸ், மொத்தம் 224 கிலோ தூக்கித் தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றபோது, சீன வீராங்கனையை அவர் முந்தியது ஒரே ஒரு கிலோவில்தான்.

தந்தையின் மறைவால் 2002 காமன்வெல்த் போட்டியிலிருந்து மல்லேஸ்வரி விலகினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதுகுக் காயம் காரணமாகப் போட்டியை நிறைவு செய்ய இயலாமல் ஓய்வு பெற்றார். பளுதூக்குதலில் இந்தியாவின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் டோக்கியோவில் மீராபாய் சானு வென்ற வெள்ளி. அதற்கு 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹரியானாவின் யமுனாநகரில் பயிற்சி மையம் நடத்திவரும் மல்லேஸ்வரி, அதற்கு முந்தைய மாதமே டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார்.