மலையிறங்காத கிழங்கு

திவசச் சமையலில் உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. கேரட், கோஸ் மாதிரி அதுவும் 'இங்கிலீஷ் காய்'. அந்த விலக்கிலேயே அதன் சரித்திரம் இருக்கிறது. பிறந்தது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. போர்த்துக்கீசியர் மூலம் மேற்குக் கரைக்கு வந்தது. பம்பாய்க்காரர்கள் இன்றும் 'பட்டாட்டா' என்பது அந்தப் பழைய தடம்தான். நம் பக்கம் அதற்கு வழிவிட்டவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-இல் நீலகிரி ஏறியவர், 1820களில் ஊட்டியில் கல் வீடு கட்டிச் சீமைக் காய்கறிகளைப் பயிரிட்டார். பிறகு படுகர்கள் உருளைக்கிழங்கைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே அதற்குப் பெயர் 'பொம் தெ தேர்', அதாவது நிலத்து ஆப்பிள். பர்மாந்தியே கதையையும் அங்கேதான் கேட்டேன். ராணுவ மருந்தாளுநரான அவர், ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் கைதியாகி, உருளைக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர். அவருடைய ஊர்க்காரர்களோ அதைத் தின்றால் குஷ்டம் வரும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் விடாமல் வாதாட, 1772-இல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் உண்ணத் தகுந்ததே என்று ஒப்புக்கொண்டார்கள். வயலுக்குப் பகலில் மட்டும் காவல் போட்டு, இரவில் ஜனங்கள் திருடிக்கொண்டுபோய்ப் பயிரிட வழி செய்தார் என்றும் சொல்வார்கள். கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் நம் ஊரிலும் பலிக்கக்கூடிய உபாயம்!

மதுரையில் தடை ஜனங்கள் அல்ல, வெயில். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இந்தச் செடி தாராளமாகக் கிழங்கு வைக்கும். இல்லையென்றால் இலையும் தண்டுமாக வளர்ந்து நின்றுவிடும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமிருந்து இறங்குவதும் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருவதும்தான் நம் பூரி மசாலுக்கு ஆதாரம்.

அந்த மலைக்கும் சோதனை வந்தது. 1961-இல் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி ஊட்டி வயல்களில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார். வேரைத் தாக்கும் புழு. அதன் முட்டைக்கூடு கடுகை விடச் சிறியது, மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மாற்றுப் பயிர் போட்டு நிலத்தை விட்டுப்பிடி என்றார்கள். அரை ஏக்கர்க்காரன் எத்தனை வருஷம் விட்டுப்பிடிப்பான்? விதைக்கிழங்கு வெளியூர் போகவும் தடை விழுந்தது. முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் புழுவைத் தாங்கும் 'குஃப்ரி சுவர்ணா' ரகம் வந்தபின்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மாடித் தோட்டம் போடும் நண்பர்கள் கேட்பதால் என் பெட்டியைப் பற்றியும் சொல்கிறேன். பழப்பெட்டிப் பலகைகளை அடித்து, உள்ளே சிமென்ட் சாக்கு விரித்து, அடியில் ஓட்டை போட்டது. தரையில் படாமல் நாலு செங்கல் மேல் நிற்கிறது. செம்மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு. கார்த்திகையில் முளைவிட்ட கிழங்கை நட்டு, செடி ஒரு சாண் உயரும்போதெல்லாம் மண் அணைத்தேன். மதியத்தில் பழைய வேட்டிதான் பந்தல். மாசியில் தோண்டியபோது நாலு செடிக்கும் சேர்த்து முக்கால் கிலோ தேறியது, பெரும்பாலும் நெல்லிக்காய் அளவு. மேலே தெரிந்து பச்சையடித்த இரண்டை எறிந்துவிட்டேன். அவற்றில் நஞ்சு ஏறியிருக்கும், வேகவைத்தாலும் போகாது.