மோயி நதிக்கரையில் துண்டிக்கப்பட்ட மின்சாரம்

தாய்லாந்தையும் மியன்மாரையும் பிரிக்கும் மோயி நதி, வரட்சிக் காலத்தில் சில இடங்களில் நடந்தே கடக்கக்கூடியது. ஒரு கரையில் தாய்லாந்தின் மே சொட் நகரம், மறுகரையில் மியாவடி. அம்மறுகரையில் கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ ஆகிய பெயர்களில் எழுந்த வளாகங்களே இணையவழி மோசடிக் கும்பல்களின் கோட்டைகளாயின. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேர் இத்தொழிலில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாமென ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது.

இவ்விடயம் எமக்கு அந்நியமானதல்ல. கணினித்துறை வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சென்ற எமது நாட்டு இளைஞர்களும் மியாவடியில் அடைக்கப்பட்டு, 2024 இலும் 2025 இலும் பகுதி பகுதியாக மீட்கப்பட்டனர்.

2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவர் கடத்தப்பட்டு மீட்கப்பட்டதன் பின்னரே தாய்லாந்து விழித்துக்கொண்டது. பெப்ரவரி 5 ஆம் திகதி மியன்மார் எல்லையின் ஐந்து இடங்களுக்கான மின்சாரத்தையும், அத்துடன் இணையத்தையும் எரிபொருளையும் அது நிறுத்தியது. அதுவரை அவ்விடங்களுக்கு மின்சாரத்தை விற்று வந்ததும் தாய்லாந்தின் அரச நிறுவனமே என்பதை இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. ஷ்வே கொக்கோவுக்கான விநியோகம் 2023 ஜூனிலும் துண்டிக்கப்பட்டிருந்தது. அப்போது மின்பிறப்பாக்கிகள் வந்தன, தொழில் தொடர்ந்தது.

கம்பியை அறுப்பதால் மட்டும் இது தீராது. வளாகங்கள் அமைந்த நிலம் கரேன் எல்லைக் காவற்படையின் பிடியிலிருந்தது. மியன்மார் இராணுவத்தின் கீழ் எல்லையைக் காப்பதற்கென உருவாக்கப்பட்ட அப்படையே கும்பல்களுக்கு இடமளித்தமை, வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். அதன் தலைவர் சோ சிட் துவுக்கு எதிராக அமெரிக்கா 2025 மே மாதத்தில் தடை விதித்தது. விந்தை யாதெனில், அவ்வருட பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமார் 7,000 பேரை வளாகங்களிலிருந்து வெளியேற்றியதும் அதே படைதான்.

வெளியேறியோரின் நிலையே எம்மை அதிகம் உறுத்துகின்றது. தத்தமது பிரஜைகளை அந்தந்த நாடுகளே அழைத்துச்செல்ல வேண்டுமென்பது தாய்லாந்தின் நிபந்தனை. சீனா விமானங்களை வரிசையாக அனுப்பியது. எத்தியோப்பியா போன்ற நாடுகளின் இளைஞர்களோ, அனுப்பிவைக்க எவருமின்றி, நதியின் மறுகரையிலேயே பல வாரங்கள் காத்துக்கிடந்தனர்.