சீசன் கலைந்தபின்: பழநி மலைக் கிறிஸ்தவரின் அன்றாட வழிபாடு

கொடைக்கானலின் கிறிஸ்தவ வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி கூட்டம் கூடிய நாள்களின் வரலாறுதான். வெயில் ஏறியதும் சமவெளியிலிருந்து வந்து தங்கிய மிஷனரிகள், அவர்கள் எழுப்பிய பங்களாக்கள், ஆகஸ்டில் சலேத் மாதா கோயில் திருவிழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆராதனை ஆகியவற்றுக்கெல்லாம் பதிவு உண்டு. ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் விடியலில், விருந்தினர் எல்லாரும் இறங்கிப்போன பிறகு, மலையிலேயே வாழ்பவர்கள் எப்படிச் செபித்தார்கள் என்பது ஆய்வாளர் கண்ணில் அதிகம் படவில்லை. ஆனால் இம்மலையில் வேர்விட்ட பக்தி முயற்சிகளில் முக்கியமானவை பலவும் சாதாரண நாள்களுக்கென்றே பிறந்தவை. அவை தோன்றிய 1844 முதல் 1858 வரையிலான காலமும், கொடைக்கானல் ஊராக உருவெடுத்த காலமும் ஒன்றே.

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது. காலராவும் காய்ச்சலும் மிஷனரிக் குடும்பங்களைத் தொடர்ந்து பலிகொண்டதால் அவர்கள் குளிர்ந்த இடம் தேடினார்கள். முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகள் எழுந்தன. ஆக, ஊரே ஒரு பருவத்துக்காகப் பிறந்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஆங்கில ஆராதனைகளும் மிஷனரிகளின் கூட்டங்களும் நிறைந்திருக்கும். பிறகு வீடுகள் பூட்டப்படும். அவற்றைக் காவல் காத்தவர்களுக்கும், சுமை தூக்கியவர்களுக்கும், தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. கிறிஸ்தவம் இம்மலையில் நிலைத்ததற்கு இவர்களே காரணம் என்பது என் துணிபு.

கத்தோலிக்கர் பக்கம் சான்று இன்னும் தெளிவானது. பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி சேன்சிர் 1866இல் எழுப்பிய சலேத் மாதா கோயிலை எடுத்துக்கொள்வோம். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற ஊருக்கு மேலே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாக்ஸிமன், மெலானி என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்தார் என்பது இப்பக்தியின் அடிப்படை. அக்காட்சிச் செய்தியின் உள்ளடக்கம் நம் கவனத்துக்குரியது. பெரிய நேர்ச்சைகளையோ ஆடம்பர விழாக்களையோ அதில் முதன்மையாகக் காணோம். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குப் போகிறார்கள், வண்டிக்காரர்கள் ஆண்டவர் பெயரைச் சொல்லிச் சபிக்கிறார்கள், கோடையில் ஒருசில வயதான பெண்கள்தான் பூசைக்கு வருகிறார்கள் என்ற வருத்தமே அதில் உள்ளது. பிறகு அந்தப் பிள்ளைகளிடம், நன்றாகச் செபிக்கிறீர்களா என்ற கேள்வி. நேரமில்லாவிட்டாலும் காலையும் மாலையும் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்ல வேண்டும் என்பதே கேட்கப்பட்ட கடமை.

அதே செய்தியில் உருளைக்கிழங்கு அழுகிப்போவதும் பேசப்படுகிறது. 1845, 1846இல் ஐரோப்பாவைக் கருகல் நோய் வாட்டிய நேரம் அது. அயர்லாந்துப் பஞ்சமும் அதன் விளைவே. உருளைக்கிழங்கு பயிரிடும் பழநி மலைக்கு இந்த மாதா வந்து சேர்ந்தது எவ்வளவு பொருத்தம்! கடலோரத் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் பனிமய மாதாவும் வேளாங்கண்ணி மாதாவும் போல, நிலத்தையும் மேய்ச்சலையும் நம்பிய மலைவாசிக்குத் தன் பாட்டைப் புரிந்துகொண்ட ஒரு தாய் வாய்த்தாள். இன்று திருவிழா ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கூட்டத்தோடு நடக்கிறது. ஆனால் சலேத் செய்தி முழுமையாக நிறைவேறுவது விழா முடிந்த மறுநாள் காலை வீட்டில் சொல்லப்படும் செபத்தில்தான்.

இரண்டாவது இழை நேராக மதுரையைத் தொடுகிறது. பிரான்சின் வல்ஸ் என்ற ஊரில் இயேசு சபைப் படிப்பில்லம் ஒன்று இருந்தது. அங்கிருந்த இளைஞர்கள் இயேசு சபையின் மதுரை மிஷன் செய்திகளைக் கேட்டுக்கேட்டு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கப்பலேறத் துடித்தார்கள். 1844 டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாளன்று, அவர்களின் ஆன்ம வழிகாட்டி கோத்ரலே குரு ஒரு வழி சொன்னார்: படிப்பையும் களைப்பையும் சின்னச்சின்ன வேலைகளையும் தினமும் இறைவனுக்கு ஒப்புக்கொடுங்கள், இங்கிருந்தபடியே நீங்கள் மிஷனரிகள்தாம். அதிலிருந்து வளர்ந்ததே செபத்தின் அப்போஸ்தலர் இயக்கம். திருஇருதய பக்தியோடு இணைந்து உலகமெங்கும் பரவிய அந்த இயக்கத்தின் அடையாளம், காலையில் எழுந்ததும் அன்றைய நாளை ஒப்புக்கொடுக்கும் செபம். அரை நூற்றாண்டு கழித்து, 1895இல், மதுரை மிஷனின் இயேசு சபையினர் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் பயிற்சி இல்லம் நிறுவியபோது அதற்குத் திருஇருதயக் கல்லூரி என்றே பெயரிட்டார்கள். மதுரைக்காக ஏங்கியவர்களுக்குச் சொல்லப்பட்ட செபம் மதுரை நாட்டு மலைக்கே வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு இந்தத் தொடர்பை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

செபமாலை, திரிகாலச் செபம், முதல் வெள்ளி, தபசுக்காலத்துச் சிலுவைப்பாதை ஆகியவை இதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்தவை. பூசை லத்தீனில் நடந்த 1960கள் வரை, மக்களின் சொந்த மொழி வழிபாடு பெரும்பாலும் வீட்டுச் செபம்தான். இப்போது அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்கள் அந்த வீட்டுச் செபத்தைத் தெருவளவுக்கு விரித்திருக்கின்றன.

சீர்திருத்த சபைகளில் வீட்டு வழிபாடு பாட்டில் நிலைபெற்றது. அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முதன்மையாகக் கொண்ட தொகுப்பை 1853இல் வெளியிட்டார். அதற்கு முன் ஆராதனையில் ஓங்கி ஒலித்தவை மேல்நாட்டு மெட்டுகள். கீர்த்தனை வந்தபின் அடுப்படியிலும் களத்திலும் ஆராதனையைப் பாட முடிந்தது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் பெற்ற வாக்குத்தத்த வசனத்தை ஆண்டு முழுவதும் சுவரில் மாட்டிவைத்திருப்பதும் பண்டிகையைப் பின்வரும் நாள்களுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம்தான். ஜனவரி ஜெப வாரத்துக்கு இந்திய வேரே உண்டு: லூதியானாவில் கூடிய அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் 1858இல் விடுத்த அழைப்பை ஏற்று, 1860 ஜனவரியில் பல நாட்டுச் சபைகள் ஒரே வாரத்தில் ஜெபித்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதும், ஆங்கிலிக்கன் மரபும் அமெரிக்க மிஷன் மரபும் இம்மலையில் ஒரே சபைக்குள் வந்தன. அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவரும் காய்கறியும், சமைக்குமுன் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியும் தமிழ்ச் சபைகளில் அன்றாட உழைப்பிலிருந்து வரும் காணிக்கைகள். ஆண்டுக்கொரு முறை உண்டியலில் விழும் பெரிய நோட்டைவிட அவை கனமானவை என்பேன்.

மதுரை மறைமாநில இயேசு சபையின் ஆவணக்காப்பகம் செண்பகனூரில் இருக்கிறது. மிஷனரிகளின் கடிதங்கள் அங்கே பத்திரமாக உள்ளன. வீட்டுப் பரணில் கிடப்பவை அப்படி இல்லை: பாட்டி கையால் எழுதிய கீர்த்தனை நோட்டு, முனை மடிந்த செபப்புத்தகம், அன்பியக் கூட்டக் குறிப்பேடு, அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு. மலை ஈரத்தில் காகிதம் வெகுநாள் தாங்காது. பழநி மலைப் பங்குத்தந்தையரும் சபை ஆயர்களும் குடும்பத்தாரும் இவற்றைத் தேடியெடுத்து, குறைந்தது ஒரு படமாவது எடுத்து, பங்கு அலுவலகத்திலோ காப்பகத்திலோ சேர்த்துவைக்க வேண்டும். வரும் மழைக்காலத்துக்கு முன்பே தொடங்குங்கள்.