குருதிக் கொழுப்பும் மூன்று நோய்களும்

உடல் வீங்கி வந்த நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி, மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார் ஒரு மருத்துவர். அது முட்டையின் வெண்கருவைப்போல் திரைந்தது. அவர் இலண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட். இத்தகையோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றிருப்பதை 1827இல் அவர் உலகுக்கு அறிவித்தார். 1836இல் அவர் தொகுத்த நூறு நோயாளிகளுள் பலருக்கு இதயமும் பருத்திருந்தது. சிலருடைய குருதிநீர் பால்போல் வெளிறியிருந்ததையும் அக்கால மருத்துவர்கள் கண்டனர். இம்மூன்றையும் பிணைக்கும் கயிறு யாதென்பது மட்டும் அன்று விளங்கவில்லை.

விடையின் முதற்பகுதி ருஷ்ய நாட்டிலிருந்து வந்தது. 1913இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்பார், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்தது. மனிதரிடத்தும் இஃது உண்மையா எனக் காணும் வாய்ப்பை, 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் சிற்றூரில் தொடங்கிய ஆய்வு அளித்தது. 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, குருதியில் கொலஸ்ட்ரால் மிக்கவர்க்கு இதயநோயும் மிகுதல் கண்டனர். நீரிழிவு உடையோர்க்கு அவ்விடர் இரண்டு முதல் மூன்று மடங்கு என்பதை அவ்வாய்வே 1979இல் உரைத்தது.

காரணம் இன்று தெளிவு. நீரிழிவில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயரும். நன்மை தரும் கொலஸ்ட்ரால் குறையும். மொத்தக் கணக்கு அளவாகத் தோன்றினும் உள்ளே கேடு வளரலாம். சிறுநீரகத்தின் வழியே புரதம் பெருமளவு ஒழுகினாலோ, கல்லீரல் கொழுப்பேந்தும் பொருள்களை மிகுதியாக ஆக்கிக் குருதியில் விடுகின்றது. பிரைட் காலத்து மருத்துவர் கண்ட பால்நிறத்தின் மறைபொருள் இதுவே.

கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் வந்தபின் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அதுவரை இதயநோய் வாராத நீரிழிவாளர் 2,838 பேருள், அடோர்வாஸ்டாட்டின் உண்டோர்க்கு மாரடைப்பு முதலிய இடர்கள் 37 விழுக்காடு குறைந்தன. அம்மருந்தையே ஜெர்மனியில், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்ட நீரிழிவாளர் 1,255 பேரிடம் சோதித்தனர். கொழுப்பு நன்கு இறங்கியது. ஆயினும் 2005இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அந்நிலையில் நாடிகள் சுண்ணாம்பேறி இறுகிவிடுகின்றன. இதயமும் வேறு வழிகளில் நலிந்துவிடுகின்றது. பெரும்பாலோர் டயாலிசிஸ் நிலையை எட்டாதிருந்த சிறுநீரக நோயாளர் ஏறத்தாழ 9,270 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வோ, நாடிக்கொழுப்பால் நேரும் பெரும் இடர்கள் 17 விழுக்காடு குறைந்ததை 2011இல் காட்டியது. மருந்து ஒன்றே ஆயினும், காலம் தாழ்த்தின் அதன் வலிமை குன்றும் என்பதன்றோ இதன் பொருள்?

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர்க்கு இது மிகவும் பொருந்தும். ஒரு நகரில் சர்க்கரையைச் சோதிக்கின்றோம், மறு நகரில் சிறுநீரை, இன்னொன்றில் கொழுப்பை. தாள்கள் ஒன்றுசேர்வதில்லை. நீரிழிவு உடையவர் இம்மூன்று சோதனைகளின் முடிவுகளையும் ஒரே உறையிலிட்டு, செல்லுமிடமெல்லாம் கொண்டு சென்று மருத்துவரிடம் காட்டுதல் நலம். முன்னரே மருந்து உண்போர் தாமாக நிறுத்துதலும் ஆகாது. பிரைட்டின் கைக்கு எட்டியவை ஒரு கரண்டியும் ஒரு சுடருமே. நமக்கோ நோய் முற்றுமுன் அறியும் வழி உண்டு. அதனை உரிய காலத்தில் கைக்கொள்வோமாக.