பட்டியலுக்கு வெளியே நின்ற குத்துச்சண்டை வீரர்கள்

திருப்பதியிலோ சித்தூரிலோ இருந்துகொண்டு தென்னிந்தியக் குத்துச்சண்டையின் வரலாற்றைத் தேடுபவர் முதலில் ஒரு மாநில எல்லையைக் கடக்க வேண்டியிருக்கிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை சென்னையின் ஆட்சிக்குள் இருந்தது. எனவே அந்நாள்வரையிலான வரலாற்றைச் சென்னையில் தேட வேண்டும். அதற்குப் பிந்தையதை விசாகப்பட்டினத்தில் தேட வேண்டும். இரண்டு இடங்களிலும் கிடைப்பது ஏறத்தாழ ஒரே வகைச் செய்திதான்: ஆடியவர் பலர், எழுதப்பட்டவர் சிலர்.

'உரிய மதிப்புப் பெறாத வீரர்கள்' என்று பட்டியலிடுவோர் பெரும்பாலும் திறமையை அளப்பதோடு நின்றுவிடுகின்றனர். இன்னார் இன்னாரைவிட வலிமையாகக் குத்தினார் என்ற வாதம் சுவையானது. ஆயினும் வரலாற்று மாணவருக்கு அதனால் பயன் குறைவு. ஒருவர் ஏன் நினைவில் இல்லை என்ற வினாவுக்குப் பெரும்பாலும் குத்துமேடைக்கு வெளியிலேயே விடை இருக்கிறது. யார் யாருடன் மோதலாம் என்று முடிவு செய்தவர் எவர், முடிவுகளை எழுதி வைத்தவர் எவர், எந்தப் போட்டிக்கு எவரை அனுப்பினர் என்பவற்றைப் பார்த்தாக வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பீட்டர் ஜாக்சன். கரீபியத் தீவான செயின்ட் குரோயில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஹெவிவெயிட் சாம்பியனான கறுப்பின வீரர். 1891 மே 21 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட்டுடன் அவர் 61 சுற்றுகள் மோதினார். வெற்றி தோல்வியின்றி மோதல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே அந்தக் கார்பெட், ஜான் சல்லிவனை வீழ்த்தி உலக சாம்பியனானார். கறுப்பருடன் மோதுவதில்லை என்று சல்லிவன் வெளிப்படையாகவே அறிவித்திருந்ததால் ஜாக்சனுக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. கார்பெட்டுக்கு ஈடாக நின்றவர் 1901இல் காசநோயால் குவீன்ஸ்லாந்தில் இறந்தார். உலக சாம்பியன் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலை மட்டும் படிப்பவருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

சாம் லாங்ஃபோர்டின் நிலை இன்னும் கசப்பானது. அவரைத் தடுத்தவர்களுள் ஜாக் ஜான்சனும் உண்டு. நிறவெறியை உடைத்து முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜான்சன், பட்டம் பெறுவதற்கு முன் 1906இல் லாங்ஃபோர்டை வென்றவர். பட்டம் பெற்றபின் அவருக்கு ஒருமுறைகூட வாய்ப்புத் தரவில்லை. ஒடுக்கப்பட்டவர் உச்சிக்கு வந்தால் ஏணி தானாகக் கீழே இறங்கிவிடும் என்று எண்ணுவோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்திருக்கலாம். 1944இல் அல் லேனி என்ற நியூயார்க் செய்தியாளர் தேடிச் சென்றபோது, லாங்ஃபோர்ட் பார்வையிழந்து ஹார்லெமில் வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்தச் செய்தி வெளிவந்த பிறகே அவருக்காக நிதி திரண்டது.

சென்னையில் தடை வேறு வடிவில் இருந்தது. வடசென்னையின் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளரும் ஆங்கிலேயரிடமிருந்து கற்று, தமதாக்கிக்கொண்ட 'ஆங்கிலக் குத்துச்சண்டை' சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்ற பெயர்களில் தலைமுறைகளாகத் தழைத்தது. பயிற்றுநரை வாத்தியார் என்றனர். தோல்வியைப் பரம்பரையின் தோல்வியாகக் கொண்டனர். கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் அப்பகுதி முதியவர் பேச்சில் வருகிறது. 2021இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்துக்குப் பின் பரம்பரைகளின் பெயரை நாடே அறிந்தது. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்தவன் கற்பனை மாந்தனான கபிலன். அவனுக்கு மூலமாக நின்ற மனிதர்கள் மீண்டும் ஒருமுறை பின்னால் தள்ளப்பட்டனர். படத்தின் குறையென்று இதைச் சொல்ல முடியாது. எத்தனை சுற்று, எவருடன், என்ன முடிவு என்று நாள்வாரியாகத் தொகுத்த ஏடு ஒன்று இருந்திருந்தால் கபிலனுக்குப் பக்கத்தில் முத்துவும் நின்றிருப்பார். வாய்மொழி மரபில் வீரம் தங்குகிறது, ஆண்டு தங்குவதில்லை.

ஆண்டுகள் தெளிவாகத் தெரிந்தும் மறக்கப்பட்டவர்களின் செய்திதான் கூடுதலாக ஆராயத்தக்கது. 1948இலும் 1952இலும் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை வீரர்களை இறக்கிய இந்தியா, அதன்பின் 1972 வரை ஒருவரையும் இறக்கவில்லை. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் வீரர்கள் இல்லாமலில்லை. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பதம் பகதூர் மல் தங்கம் வென்றார். 1966இலும் 1970இலும் பாங்காக்கில் ஹெவிவெயிட் தங்கத்தை அடுத்தடுத்து வென்றவர் ஹவா சிங். தேசிய சாம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை வைத்திருந்த அந்த இராணுவ வீரரின் உச்சப்பருவம் முழுவதும் இந்த இருபதாண்டுக்குள் அடங்கிவிட்டது. பின்னாளில் பிவானியில் அவர் வளர்த்த குத்துச்சண்டை மரபு நாடறிந்தது. துரோணாச்சாரியர் விருதைப் பெறவிருந்த நிலையில், 2000 ஆகஸ்டில், விழாவுக்குச் சில நாள் முன்பு அவர் இறந்தார்.

இருபதாண்டு இடைவெளியை 1972இல் மியூனிக்கில் முடித்து வைத்தவர்கள் மூவர்: மேத்தாப் சிங், சந்திர நாராயணன், முனிசாமி வேணு. பின்னிருவரும் தெற்கத்தியப் பெயர்கள். இரண்டாண்டு கழித்து, 1974இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில், நாராயணன் ஃப்ளைவெயிட் இறுதிச்சுற்றுவரை சென்று வட அயர்லாந்தின் டேவிட் லார்மரிடம் தோற்று வெள்ளி பெற்றார். வேணு வெண்கலம் பெற்றார். காமன்வெல்த் குத்துச்சண்டையில் நாராயணனின் வெள்ளியைத் தாண்டி ஓர் இந்தியர் தங்கம் பெற 28 ஆண்டுகள் ஆயின. 2002இல் மான்செஸ்டரில் அதைச் செய்தவர் முகமது அலி கமர்.

அர்ஜுனா விருதுப் பட்டியலைத் திறந்தால் வேணு 1971இலும் நாராயணன் 1972இலும் இருக்கின்றனர். சற்றுக் கீழே ஐசக் அமல்தாஸ், கணபதி மனோகரன் என்ற பெயர்கள் வருகின்றன. பெயர், ஆண்டு, விளையாட்டு ஆகிய மூன்று செய்திகளோடு வரி முடிந்துவிடுகிறது. எங்கே கற்றனர், யாரிடம் கற்றனர், விருதுக்குப் பின் எப்படி வாழ்ந்தனர் என்ற வினாக்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதே 1970களின் சென்னைக் குத்துச்சண்டையைத் திரையில் கண்டு வியந்த தலைமுறைக்கு, அந்தப் பத்தாண்டில் உண்மையாகவே மியூனிக் சென்ற நாராயணனைத் தெரியாது.

புகழ் வேறு விதமாகவும் ஆளை மறைக்கும். 1980 ஜனவரியில் முகமது அலி தில்லிக்கு வந்தபோது அவருடன் காட்சிப் போட்டியில் மோதியவர் கவுர் சிங். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் அவர் சொந்தமாக ஈட்டியது. ஆனால் 2023இல் அவர் மறைந்தபோதும் 'அலியுடன் மோதியவர்' என்ற அடைமொழியே முன்னால் வந்தது. அதே பயணத்தில் அலி சென்னைக்கும் வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்த மாலையைச் சென்னை இன்றும் பேசுகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற சென்னை வீரர் வி. தேவராஜனைப் பற்றி அத்தனை பேச்சு இல்லை.

ஆந்திரப் பக்கம் திரும்பினால் விசாகப்பட்டினத்தின் நாகிசெட்டி உஷா. 2006இல் தில்லியில் நடந்த பெண்கள் உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் 57 கிலோ பிரிவில் வெள்ளி. 2008இல் சீனாவின் நிங்போவில் அதே பிரிவில் மீண்டும் வெள்ளி. இரு முறை உலக இறுதிச்சுற்று ஆடிய ஆந்திரப் பெண்ணின் பெயர், திருப்பதியில் விளையாட்டுத் துறை மாணவர் பலருக்கே புதிதாக ஒலிக்கக்கூடும். காரணத்தை எடைப்பிரிவில் தேட வேண்டும். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலில் இடம்பெற்றது 2012இல், இலண்டனில். அப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட பிரிவுகள் 51, 60, 75 கிலோ என மூன்றே. 57 இல்லை. ஒன்று ஆறு கிலோ இளைக்க வேண்டும், அல்லது மூன்று கிலோ ஏறி இயல்பிலேயே பெரிய உடம்புக்காரர்களுடன் மோத வேண்டும். மேரி கோம் 45, 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்களை வென்றவர். இலண்டனில் 51இல் ஏறி ஆடித்தான் வெண்கலம் பெற்றார். அவர் அடைந்த புகழ் முழுக்கத் தகுதியானது. ஆயினும் 2006இல் தில்லியில் இந்தியா வென்ற எட்டுப் பதக்கங்களில் பொதுமக்கள் நினைவில் பெரிதும் தங்கியது அவருடையது. 75 கிலோவில் தங்கம் வென்ற கேரளத்தின் கே. சி. லேகாவுக்கு எடைப்பிரிவு இருந்தது. அது ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஆறாண்டு கடந்திருந்தது.

உஷாவுக்கு 2020இல் தியான்சந்த் விருது வழங்கப்பட்டது. லேகாவுக்கு 2021இல். அந்த 2021இல்தான், ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 57 கிலோ பிரிவு முதன்முதலாக ஆடப்பட்டது. நிங்போ வெள்ளிக்கு அப்போது 13 வயது.