மண் தந்த மருந்து, மனிதன் காக்க வேண்டிய மருந்து

நோயை வெல்வது மருந்தா, மனிதனா என்ற கேள்விக்கு நான் ஒரு பிடி மண்ணிலிருந்து பதில் தேடப் போகிறேன்.

மழை ஓய்ந்ததும் எழும் மண்வாசனை நம் எல்லாருக்கும் பிடிக்கும். அந்த வாசனைக்குப் பெரும் காரணம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகை. காசநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்த ஆன்டிபயாடிக் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை நமக்குத் தந்ததும் அதே வகைதான். 1943ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் அதைப் பிரித்தெடுத்தார். 1952ல் நோபெல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது.

தேக்காவின் பக்கத்தில்

அன்றைய சிங்கப்பூருக்கு இந்த மருந்து எவ்வளவு தேவைப்பட்டது! 1844ல் தொடங்கப்பட்ட டான் டொக் செங் மருத்துவமனை, ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்து, 1909ல் மோல்மின் சாலைக்கு மாறியது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அது காசநோய் மருத்துவமனை என்றே பெயர் பெற்றிருந்தது. 1947ல் சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கமும் உருவானது. 1960ல்கூட இங்கு ஒரு லட்சம் பேரில் 300க்கும் மேற்பட்டோருக்கு ஆண்டுதோறும் காசநோய் கண்டது. ஓர் அறையில் ஒரு குடும்பமே உறங்கிய கடைவீடுகளில், ஒருவரின் இருமல் அனைவருக்குமான ஆபத்து.

ஒற்றை மருந்தின் தோல்வி

மருந்து வந்துவிட்டது, நோய் ஒழிந்துவிடும் என்றுதான் உலகம் நினைத்தது. 1948ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் வெளியிட்ட சோதனை முடிவு அந்த நம்பிக்கையை வளர்த்தது. ஆறு மாதத்தில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் நால்வர் மட்டுமே; அது கிடைக்காத 52 பேரில் 14 பேர் இறந்தனர்.

ஆனால் ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தனர். காரணம் என்ன? தனியாகக் கொடுக்கப்பட்ட மருந்தை எதிர்த்து நிற்கக் காசநோய்க் கிருமி பழகிக்கொண்டது. ஒரே மருந்து போதாது, இரண்டு மூன்றைச் சேர்த்து, நீண்ட காலம் கொடுக்க வேண்டும் என்ற பாடம் இப்படித்தான் கிடைத்தது.

சென்னை காட்டிய வழி

நீண்ட காலம் என்றால், ஏழை நோயாளி எங்கே போவான்? அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, சத்தான உணவு என்பதே வழக்கம். சென்னைக்குப் போனவர்கள் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928ல் நிறுவிய காசநோய் விடுதியால் வந்த பெயர் அது.

1956ல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றவர்கள் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து உண்டனர். 1959ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர்; வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை!

மருந்தைத் தவறாமல் உண்கிறார்களா என்பதுதான் அடுத்த கவலை. அதற்கும் சென்னையே விடை கண்டது. வாரத்தில் இரு நாள் நோயாளி மையத்துக்கு வர, ஊழியர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் தரப்பட்டன. 1964ல் வெளியான முடிவு, இம்முறை தினமும் வீட்டில் தாமே உண்பதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. இன்று நம் பலதுறை மருந்தகங்களில் தாதியின் முன்னிலையில் காசநோய் மருந்து உண்கிறார்களே, அதன் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது.

நம் நோயாளிகளின் பங்கு

1957ல் பிரெஞ்சுக் கடற்கரை மண்ணிலிருந்து எடுத்த இன்னொரு பாக்டீரியா, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு வழிவகுத்தது. அதையும் சேர்த்தால் சிகிச்சைக் காலத்தை எவ்வளவு குறைக்கலாம்? 1970களில் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றமும் நம் நோயாளிகளிடையே இதைச் சோதித்தன. ஆறு மாதம் உண்டவர்களில் மிகச் சிலருக்கே நோய் திரும்பியது. நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களிடம் அது கூடுதலாகத் திரும்பியது. இன்றும் உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்த ஊர் மக்களும் சான்று தந்திருக்கிறார்கள்.

உறைந்த மண் சொல்லும் செய்தி

கிருமி எதிர்த்தால் புதிய மருந்து தேடலாமே என்று கேட்பீர்கள். தேடுகிறார்கள். நமக்கு அருகிலுள்ள போர்னியோவின் மண்ணிலிருந்து 1950களில் வேன்கோமைசின் கிடைத்தது. இப்போது தேடல் பனி நிலங்களுக்கும் சென்றிருக்கிறது. உணவு அரிதான குளிர் மண்ணிலும் பாக்டீரியாக்கள் போட்டியாளரை விரட்ட இரசாயனங்களைச் சுரக்கின்றன. பனியாறுகளில் காணப்படும் ஒரு வகை, வயலசின் என்ற ஊதா நிறப்பொருளைச் செய்கிறது. அதற்கும் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டு.

ஆனால் அதே குளிர் மண் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கனடாவின் யூக்கானில், மாமத் யானைகள் உலவிய காலத்தில் உறைந்த, ஏறக்குறைய 30,000 ஆண்டு பழைய மண்ணை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தனர். பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வேன்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருந்தன. 2011ல் இது வெளியானது. மனிதன் மருந்து செய்வதற்கு முன்பே எதிர்ப்பு இருந்திருக்கிறது! இதில் புதிர் இல்லை. நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியா தானும் சாகாமல் இருக்க, அதற்கு மாற்றும் வைத்திருக்க வேண்டுமல்லவா? மண் மருந்தைத் தரும்போதே அதை முறிக்கும் வித்தையையும் கூடவே வைத்திருக்கிறது.

ஆகவே எந்தப் புதிய மருந்தும் நமக்கு நிரந்தரச் சொத்து அல்ல. அரைகுறையாக உண்டால், எதிர்க்கத் தெரிந்த கிருமியை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். 2016ல் அங் மோ கியோவின் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்கு பேருக்குப் பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் கண்டிருந்தது தெரியவந்ததை மறக்க வேண்டாம். அது ஏதோ தொலைதூர நாட்டுச் செய்தி அல்ல.

மருந்தா, மனிதனா? மருந்தைத் தந்தது மண். அதை வெற்றியாக்கியவர்கள், சேத்துப்பட்டிலும் மோல்மின் சாலையிலும் இருமல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் வந்து மருந்துண்ட பெயர் தெரியாத எளிய மனிதர்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், உடன் வேலை செய்பவரில் யாருக்கேனும் இந்த நோய் வந்தால் ஒதுக்காதீர்கள். அவர் கடைசி மாத்திரை வரை உண்ணத் துணை நில்லுங்கள்.