தெலுக் ஆயர் தெருவும் ‘சிங்கை நேசன்’ இதழும்

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நம் சங்கத்து இளையர்கள் சிலரை தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். “இங்கேதான் நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கினார்கள்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஒரு சிறுவன் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, “கடல் எங்கே மாமா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தெலுக் ஆயர் என்றாலே நீர் விரிகுடா என்றுதான் மலாயில் பொருள். 1880களில் கடல் தூர்க்கப்பட்டு முடியும்வரை அந்தத் தெருதான் கரை. இன்று வானளாவிய அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால் கடல் எங்கோ போய்விட்டது.

கடல் போனாலும் கட்டடங்கள் இருக்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828இலிருந்து 1830க்குள் கட்டி முடித்த நாகூர் தர்கா அங்கே நிற்கிறது. கீழே மேற்கத்திய பாணி வளைவுகள். மேலே ஒரு மாளிகையைச் சுருக்கி வைத்தாற்போலக் குட்டிக் குட்டிக் கதவுகளும் சன்னல்களும். சற்றுத் தள்ளி அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் கூரை வேய்ந்த குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர் வாயில் அது ‘குச்சுப் பள்ளி’ ஆயிற்று. கல் கட்டடமானது 1850களில். இரண்டுக்கும் நடுவே சீனர்களின் தியான் ஹோக் கெங் ஆலயம். மூன்று கட்டடங்களும் இன்று தேசிய நினைவுச் சின்னங்கள்.

தர்காவைப் பற்றி நம் குடும்பங்களுக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு என்பதை நான் அறிவேன். மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது அந்த இடத்தைப் பற்றி. மண்டபம் வாடகைக்குக் கிடைக்காத காலத்தில், சமூக மன்றம் என்ற சொல்லே பிறவாத காலத்தில், தோணிக்காரர்களும் சுமைதூக்கிகளும் சில்லறை வணிகர்களும் வேலை முடிந்து கூடியதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கொடியேற்றம், கந்தூரி, முனாஜாத்து, பைத்து, பக்கீர்களின் தப்ஸ் ஒலி — இவையெல்லாம் வழிபாடு மட்டுமல்ல. ஊரைப் பிரிந்து வந்தவனுக்கு அதுதான் பாட்டு, அதுதான் கூத்து, அதுதான் ஊர்ச் செய்தி. ஆட்கள் பெருகும்போது கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வரும். தெருவே அரங்கம்.

அந்த அரங்கத்தில் ஒருமுறை துப்பாக்கி வெடித்தது. 1857 பிப்ரவரி. புதிய காவல் சட்டங்கள் நடப்புக்கு வந்து நகரம் முழுவதும் முணுமுணுப்பாக இருந்த நேரம். தெலுக் ஆயரில் பள்ளிவாசல் ஒன்றின் அருகே விழாவுக்குக் கூடிய இந்திய முஸ்லிம்களைச் சாலையிலிருந்து விலக்கக் காவலர்கள் முனைந்தார்கள். கைகலப்பு மூண்டது. காவலர்கள் சுட்டதில் நம்மவர் உயிரிழந்தனர். பக்லி எழுதிய பழைய சிங்கப்பூர் வரலாற்று நூலில் இது சில வரிகளில் வருகிறது.

அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறொன்று. இறந்தவர்களின் பெயர் அதில் இல்லை. அன்று என்ன விழா, யார் பாடினார்கள், சாலையை மறித்ததாகச் சொல்லப்படும் பந்தலை யார் போட்டார்கள், அந்த இரவு வீட்டுக்கு வராதவனுக்காக யார் காத்திருந்தார்கள்? ஒன்றும் இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளும் அதிகாரிகளும் எழுதியதுதான் நமக்கு எஞ்சியிருக்கிறது. நம்மவர் கூடுவதற்கு இடம் வைத்திருந்தார்கள். நடந்ததைத் தாங்களே அச்சில் சொல்ல ஓர் ஏடு அவர்களிடம் இல்லை.

ஏடு வந்தது, மெதுவாக. 1872இல் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ சிங்கப்பூரில் அச்சானது. இங்கு அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல் அதுதான் என்பர். தெருவில் வாய்மொழியாகப் பாடப்பட்ட வகை, தாளுக்கு வந்துவிட்டது. 1876இல் ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய் வார இதழ் ஜாவி எழுத்தில் தொடங்கியது. தென்னிந்திய முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர் நடத்திய இதழ் அது. மலாய்ப் பத்திரிகை வரலாற்றை எழுதுவோர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி ‘சிங்கை நேசன்’. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் ராஃபிள்ஸ் சிலை தெரியும். அந்த வெண்கலச் சிலை பாடாங் திடலில் திறந்துவைக்கப்பட்ட நாள் 1887 ஜூன் 27, திங்கட்கிழமை. விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாக் கொண்டாட்டம். அதே நாளில்தான் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழின் முதல் இதழை வெளியிட்டார். பொன்விழாவைச் சாக்காக வைத்து இதழைத் தொடங்கியது மனிதருடைய சாமர்த்தியம் என்றே எனக்குப் படுகிறது. ஊரே திரண்டிருக்கும் நாளைவிடப் பத்திரிகை விற்க நல்ல நாள் எது? சிலையைப் பார்க்க இன்றும் சுற்றுப்பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

அவருடைய அச்சகத்தின் பெயர் தீனோதயம். அரபியின் ‘தீன்’, வடமொழியின் ‘உதயம்’, இரண்டையும் தமிழில் ஒட்டிப் போட்டிருக்கிறார். மார்க்கத்தின் விடியல் என்று பொருள் கொள்ளலாம். அக்காலத் தமிழ் முஸ்லிம்களுக்கு இப்படிச் சேர்த்து எழுதுவதில் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. இதழும் அப்படித்தான். முஸ்லிம் ஒருவர் நடத்தினார் என்பதற்காக முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. சிங்கைச் செய்தி, இந்தியாவிலிருந்து வந்த செய்தி, வெளிநாட்டுச் செய்தி, செய்யுள், வாசகர் கடிதம் எல்லாம் அதில் உண்டு. துறைமுகத்தில் வேலை செய்யும் தமிழர் எந்தச் சமயத்தவராயினும் படிக்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் படித்துச் சொல்வான்.

எழுத்து அச்சுக் கோத்த காலம் என்பதை இளையர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈயத்தில் வார்த்த ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து, வலமிடமாகத் திருப்பி அடுக்கி, மை தடவி, தாளை வைத்து அழுத்தி, முடிந்ததும் பிரித்துப் பெட்டியில் போட்டு, அடுத்த வாரம் மறுபடி தொடங்க வேண்டும். தமிழுக்கு ஆங்கிலத்தைவிட எழுத்துகள் பல மடங்கு. சிறிய சமூகம், சிறிய சந்தை. அப்படியும் ‘சிங்கை நேசன்’ மூன்று ஆண்டுகள், 1890 வரை வந்தது.

அதே இதழில் 1888இல் மகுதூம் சாயபு ‘வினோத சம்பாஷணை’ என்ற புனைவை உரையாடல் வடிவில் எழுதினார். அதைத் தமிழின் முதல் சிறுகதை என்றே கொள்ளலாம் என வாதிட்டவர் நம் சிங்கை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. வ. வே. சு. ஐயரைச் சொல்லிப் பழகிய தமிழ்நாட்டு அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை. எனக்கும் அது சிறுகதை என்பதைவிட நல்ல பேச்சு என்றே தோன்றுகிறது. ஆனால் 1888இல் சிங்கைத் தமிழர் இருவர் சந்தித்தால் எப்படிப் பேசுவார்கள் என்பதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். 1857இல் யாரும் செய்யாதது அது.

கோவிந்தசாமியால் இப்படி வாதிட முடிந்ததற்குக் காரணம், இதழின் பிரதிகள் தப்பிப் பிழைத்ததே. அதற்கு முன் மகுதூம் சாயபு 1875இல் ‘சிங்கை வர்த்தமானி’, 1882இல் ‘ஞான சூரியன்’ என்ற இதழ்களையும் நடத்தினார் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அவற்றில் நாம் புரட்டிப் பார்க்க ஓர் ஏடுகூட இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. ‘சிங்கை நேசனை’ இன்று தேசிய நூலகத்தின் மின்னிதழ்த் தொகுப்பில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் கதை நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததே; விரிக்கவில்லை. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி பிறகு உயர்நிலைப் பள்ளியாகி, 1982இல் மூடும்வரை எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியது. அதன் பிறகு வந்தது ஒலிநாடாக் காலம். நாகூர் ஹனிபா அவர்களின் குரல் இல்லாத வீடு நம் வட்டாரத்தில் இருந்ததா? எங்கள் வீட்டில் நோன்பு மாதத்தில் மட்டும் வாப்பா அந்த டேப் ரிக்கார்டரை யாரையும் தொடவிட மாட்டார்.

நெடுநாள் பழுதுபட்டுக் கிடந்த நாகூர் தர்கா சீரமைக்கப்பட்டு 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. நம் இளையர்கள் அன்று பார்த்த காட்சிக்கூடம் அதுதான். சிங்கைத் தமிழர்கள் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து நம் இலக்கிய நூல்களை மின்மயமாக்கினார்கள். பின்னர் நாடகம், இசை, நடனம் என அடுத்தடுத்து வந்தன. அந்த நாடகத் தொகுப்புக்காகப் பலர் வீட்டு அலமாரிகளிலிருந்து பழைய நிகழ்ச்சி நிரல்களையும் படங்களையும் தேடிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான், நம்முடைய அலமாரியின் நினைவு எனக்கு வந்தது.

இந்த மலருக்காகச் சங்க அலுவலகத்தில் தேடினேன். கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக உள்ளன. ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது உண்டு. மீலாது விழாக்களில் பாடியவர்களின் பெயர்ப்பட்டியல் இல்லை. தொடக்க ஆண்டுகளில் இளைஞர் பிரிவு நடத்திய நாடகங்களின் கையெழுத்துப் படி ஒன்றுகூட இல்லை. சுருளச்சில் எடுத்து வெள்ளிதோறும் கொடுத்த செய்தி மடல்களில் நான்கு கிடைத்தன. ஒன்றைக் கரையான் தின்றிருக்கிறது.

ஒரு பிஸ்கட் டின்னில் பதினொரு ஒலிநாடாக்கள் இருந்தன. எதிலும் பெயர் எழுதவில்லை. ஒன்றைப் போட்டுக் கேட்டேன். கூட்டத்தின் இரைச்சல், யாரோ ஒலிவாங்கியைத் தட்டும் சத்தம், பிறகு ஒரு சிறுமி பைத்துப் பாடுகிறாள். இரண்டாம் அடியில் மறந்துபோய் நிற்கிறாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அடியை எடுத்துக் கொடுக்கிறது. பிள்ளை தொடர்கிறாள்.

அந்தச் சிறுமிக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் ஒன்றில்தான் அவர் இருக்க வேண்டும். நாடாவை அலுவலகத்தில் செயலாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மஃரிபுக்குப் பிறகு எந்த நாளும் வந்து கேட்கலாம்.